புது வீட்டு வயரிங்: கான்கிரீட் போடும் முன் பேச வேண்டியவை

நம் ஜமாஅத்தில் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறைதான் கட்டுகிறார்கள். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த காசு, வீட்டுப் பெண்களின் நகை, அதற்கும் மேலே கொஞ்சம் கைமாற்று என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீடு எழும்புகிறது. சிமெண்ட் எந்தக் கம்பெனி, டைல்ஸ் எந்த நிறம், வாசல் கதவுக்கு என்ன மரம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். மின்சாரத்தை மட்டும் "எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துக்கொள்வார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அவர் வருவார், பார்த்தும் கொள்வார். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கப் போவது அவரல்ல. கட்டில் எந்தச் சுவரோரம் வரும், உம்மா எந்த அறையில் படுப்பார்கள், கிரைண்டரை எங்கே வைப்பார்கள், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லா வீட்டுக்கும் போடுவதையே நம் வீட்டுக்கும் போட்டுவிட்டுப் போவார். குடிபோன ஆறு மாதத்தில் அறைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கும். புதிதாகப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவரைக் கொத்தவேண்டி வரும்.

இவை பணத்தோடு போகிற நஷ்டங்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயங்களும் இதில் இருக்கின்றன. சுவருக்குள் மறைந்துவிடுகிற எர்த், வயரின் கனம், மெயின் பெட்டியில் இருக்கிற ஒரு சிறிய சாதனம் ஆகிய இவைதான் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுகிற பிள்ளைக்கும் ஆபத்துக்கும் நடுவே நிற்கின்றன. வெளியே தெரிகிற ஸ்விட்ச் தகட்டின் நிறத்துக்கு நாம் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது இவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள்

சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து மேல்தளத்துக்குள் போகவேண்டிய பைப்புகளையும் பெட்டிகளையும் பதிப்பார். ஃபேன் மாட்டுவதற்கான கொக்கிப் பெட்டி, விளக்குக்கான பெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பைப், சுவருக்குள் இறங்குகிற பைப் எல்லாம் அன்றைக்கே முடிவாகிவிடுகின்றன. கான்கிரீட் போட்ட பிறகு ஃபேனை இரண்டடி தள்ளி வைக்க வேண்டுமென்றாலும் வழியில்லை. வெளியே தெரியும்படி கேசிங் அடித்து வயர் இழுக்க வேண்டும், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குச் செலவழிக்க வேண்டும்.

ஃபேனையே எடுத்துக்கொள்வோம். அறையை நீள அகலம் அளந்து நட்ட நடுவில் கொக்கியைப் போடுவது வழக்கம். ஆனால் ஒரு சுவர் முழுக்க இரண்டடி ஆழத்துக்கு அலமாரி வரப்போகிறது என்றால், ஆட்கள் புழங்குகிற இடத்தின் நடு ஒரு அடி தள்ளிப்போகிறது. கட்டில் ஓரமாகக் கிடந்தால் இன்னும் தள்ளும். நீளமான ஹாலில் ஒரு ஃபேன் போதாது, இரண்டு கொக்கி வேண்டும். ஃபேனின் இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வைத்தால், இறக்கை சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். அந்த அறையில் ஓதவோ படிக்கவோ உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். இதையெல்லாம் கம்பி கட்டிய தட்டில் சாக்பீஸால் குறி வைக்கும் வரைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், செலவே இல்லை.

பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, மீடியம் அல்லது ஹெவி ரகத்தில் வாங்குங்கள். மெலிந்த பைப் கான்கிரீட் கொட்டுகிற ஆட்களின் காலில் மிதிபட்டு நசுங்கிவிடும், உடைந்தால் உள்ளே சிமெண்ட் பால் இறங்கி அடைத்துக்கொள்ளும். பைப்புகள் கீழ்க் கம்பிக்கு மேலே, கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாறு பைப்புகளை ஒட்டி ஒட்டி ஒரே கட்டாகக் கொண்டுபோகக் கூடாது, அந்த இடத்தில் கான்கிரீட் உள்ளே இறங்காமல் தளம் பலவீனமாகும். திருப்பத்தில் 'எல்போ' போடாமல் நீளமான 'பெண்ட்' போட வேண்டும், அப்போதுதான் பிறகு வயர் இழுக்க வரும். பெட்டிகளின் வாயை அடைத்து டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கான்கிரீட் போடுகிற அன்று எலக்ட்ரீஷியனோ அவருடைய ஆளோ தட்டின் மேலே இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பைப் கழன்றால் அந்த நிமிடத்திலேயே மாட்டிவிடலாம். மறுநாள் முடியாது.

பலகை பிரித்ததும் ஒவ்வொரு பைப்பிலும் இழுவைக் கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் பூச்சு வேலைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சுவர் வேலை இதற்கு அடுத்த கட்டம். பூசுவதற்கு முன் சுவரில் காடி வெட்டி பைப்பும் ஸ்விட்ச் பெட்டியும் பதிப்பார்கள். சுத்தியலும் உளியும் வைத்துக் கொத்துவதைவிட கட்டிங் மெஷினில் இரண்டு கோடு போட்டு எடுப்பது சுவருக்கு நல்லது. நாலரை அங்குலச் சுவரில் குறுக்குவாட்டில் நீளமாகக் காடி எடுக்கக் கூடாது. தூணையும் பீமையும் எக்காரணம் கொண்டும் கொத்த அனுமதிக்காதீர்கள். "கொஞ்சம்தானே" என்று மேஸ்திரியே சொன்னாலும் சரி.

பிளானை விரித்து உட்காருங்கள்

மேல்தளத்துக்குக் கம்பி கட்டத் தொடங்கும் முன்பே ஒரு நாள் மாலை வீட்டுப் பிளானைப் பெரிதாக நகல் எடுத்து, பென்சிலோடு குடும்பமாக உட்காருங்கள். முதலில் நாற்காலி, கட்டில், அலமாரி, சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வரையுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்விட்சும் பிளக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறியுங்கள். திறந்த கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு ஒளிந்துகொள்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன.

இந்த உட்காருதலில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள், மின்சாரத்தை அதிகம் கையாள்பவர்களும் அவர்கள். ஆனால் வயரிங் என்று வந்தால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அடுப்படியை அவர்கள் சொல்லட்டும். மிக்ஸி எங்கே நிற்கும், கிரைண்டர் மேடை மேலா கீழா, தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் எங்கே, மைக்ரோவேவ் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறியுங்கள். மேடைக்கு மேலே இருக்கும் பிளக்குகள் மேடையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில், சிங்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே பிளக் வைத்தால் வயர் தீயின் மேல் தொங்கும்.

நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு ஒரு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். கஞ்சிக்கு மிக்ஸி ஓடும், இன்டக்ஷன் அடுப்பில் ஒன்று கொதிக்கும், மைக்ரோவேவில் ஒன்று சூடாகும், ஃபிரிட்ஜ் எப்போதும்போல ஓடும். மிக்ஸி 750 வாட், இன்டக்ஷன் 2,000 வாட், மைக்ரோவேவ் 1,200 வாட் என்று வைத்தால் ஃபிரிட்ஜைச் சேர்க்காமலே 3,950 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 17 ஆம்பியருக்கு மேல் வருகிறது. அடுப்படி முழுவதற்கும் 16 ஆம்பியரில் ஒரே லைன் கொடுத்திருந்தால் அது தாங்காது. இஃப்தாருக்கு அரை மணி நேரம் இருக்கும்போது டிரிப் ஆகும். ஆகவே அடுப்படிக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி பவர் லைன்கள் வேண்டும். இந்தக் கணக்கைப் போட எலக்ட்ரீஷியன் தேவையில்லை. ஒவ்வொரு சாதனத்தின் பின்னாலும் வாட் எழுதியிருக்கும். கூட்டி 230ஆல் வகுத்தால் போதும்.

படுக்கையறையில் கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக் இருக்கட்டும், போன் சார்ஜ் போடத்தான். வாசலில் ஒன்றும் கட்டிலோரம் ஒன்றுமாக டூ-வே ஸ்விட்ச் வைத்தால் படுத்தபடியே விளக்கை அணைக்கலாம். மாடிப்படிக்கு டூ-வே ஸ்விட்ச் இல்லாமல் கட்டவே கூடாது. கீழே ஏற்றி மேலே அணைக்க முடியாவிட்டால், விளக்கை இரவெல்லாம் எரியவிடுவார்கள் அல்லது இருட்டில் இறங்குவார்கள். ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து நாலடி வாக்கில் இருந்தால் பிள்ளைகளுக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவருக்கும் எட்டும்.

வாஷிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக், இன்வெர்ட்டருக்கு இடமும் காற்றோட்டமும், டி.வி. இருக்கும் சுவரில் இன்டர்நெட் வயருக்குத் தனி பைப், வாசலில் காலிங் பெல், கேமராவுக்கு ஒரு பைப், போர்ட்டிக்கோவில் வெளிப்புறப் பிளக். கல்யாணத்துக்கு சீரியல் விளக்குப் போட ஜன்னல் வழியே வயர் இழுப்பதைத் தவிர்க்க இது ஒன்றே போதும். மழை படாத மூடி வைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்றைக்கு வாங்க முடியாதவற்றுக்கும் பைப் மட்டும் விட்டுவையுங்கள், பைப்புக்கு ஆகும் செலவு சொற்பம். ஏ.சி. பிறகு வாங்கலாம், அதற்கான லைனும் தண்ணீர் வெளியேறும் குழாயும் இப்போதே போகட்டும். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் இருக்கும் இடம் வரை ஒரு தடித்த காலி பைப் விடுங்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்திருக்கிறார்கள். இன்றைக்கு வசதி இல்லாவிட்டாலும் நான்கைந்து வருடத்தில் மாடியில் தகடு வைக்கும் எண்ணம் வரலாம். மின்சார ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்திலும் ஒரு 16 ஆம்பியர் பிளக் இருக்கட்டும்.

வயரின் கனமும் எம்.சி.பி.யும்

தண்ணீர்க் குழாய்போலத்தான் வயரும். மெல்லிய வயரில் அதிக மின்சாரம் ஓடினால் சூடேறும். மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் இருக்கிற சூடு வெளியே தெரியாது. மேலுறை மெல்ல மெல்லக் காய்ந்து வெடிக்கும், ஒரு நாள் தீப்பொறி கிளம்பும்.

விளக்கு, ஃபேன் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் தண்ணீர் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரிலிருந்து மெயின் பெட்டிக்கு வரும் வயர் வீட்டின் மொத்த லோடைப் பொறுத்து 6 அல்லது 10. தாமிர வயர்தான், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. தீயில் எளிதில் பற்றாத, புகை குறைவான வகைகளும் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். வயரின் மேலேயே கம்பெனியின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். ஒரு சுருள் 90 மீட்டர். அட்டைப் பெட்டியைப் பார்த்து நம்பாமல் வயரைப் பாருங்கள். நிறமும் முக்கியம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு மட்டும். "கறுப்பு தீர்ந்துவிட்டது, பச்சையையே நியூட்ரலுக்குப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்கிற ஆளிடம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிற இன்னொரு எலக்ட்ரீஷியனின் உயிர் அந்த நிறத்தை நம்பித்தான் இருக்கிறது.

எம்.சி.பி. எதற்கு என்பதிலும் தெளிவு வேண்டும். அது வயரைக் காப்பாற்றுகிற சாதனம். வயர் தாங்குகிற அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால் அது விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. 2.5 வயரில் 32 ஆம்பியர் மாட்டினால் எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் எரியும். எம்.சி.பி. விழுந்தால் லோடு கூடியிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட் இருக்கிறது. லைனைப் பிரிக்க வேண்டும் அல்லது பழுதைத் தேட வேண்டும். எம்.சி.பி.யைப் பெரிதாக்குவது தீர்வே அல்ல.

உயிரைக் காப்பது எது?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே ஷாக் அடித்தால் காப்பாற்றும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காப்பாற்றாது. ஈரக் காலோடு நிற்கிற ஒருவர் மின்சாரம் கசிந்த வாஷிங் மெஷினைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நனைந்த உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் அவர் உடம்பு வழியாக 0.23 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு கணக்கே இல்லை, அது அசையாது. ஆனால் மனிதனுக்கு? ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய ஏறக்குறைய 0.04 ஆம்பியர் போதும். அந்தச் சின்ன அளவு சில நொடிகள் நெஞ்சு வழியே ஓடினாலே உயிருக்கு ஆபத்து. இங்கே ஓடுவது அதைப்போல ஐந்தாறு மடங்கு.

இதற்காக இருப்பதுதான் ஆர்.சி.சி.பி. என்கிற சாதனம். நம் ஊர்க் கடைகளில் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றே கேட்பார்கள். அது செய்கிற வேலை எளிமையானது. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். போனதைவிட வந்தது குறைந்தால், மீதி எங்கோ கசிகிறது என்று பொருள். அது ஒரு மனிதரின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிற வகைதான் வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் விதியும் வீட்டு இணைப்புக்கு இந்த வரம்பைத்தான் சொல்கிறது. 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் கடையில் இருக்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து வாங்குங்கள். நாம் மேலே சொன்ன 0.23 ஆம்பியர் கசிவில் அது ஒரு நொடியின் 25இல் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். விலை சில ஆயிரம் ரூபாய். வாசலில் மாட்டுகிற அலங்கார விளக்கு ஒன்றின் விலை இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது, கசிவு இல்லையே. லோடு கூடினாலும் தெரியாது. ஆகவே எம்.சி.பி.க்குப் பதிலாக இது அல்ல, இரண்டும் வேண்டும். வசதி இருந்தால் மொத்த வீட்டுக்கும் ஒன்று என்றில்லாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து மாட்டலாம். குளியலறையில் ஹீட்டர் கசிந்தால் வீடு முழுக்க இருட்டாகாமல் இருக்கும்.

புது வீட்டில் இது அடிக்கடி விழுகிறது என்ற புகார் நம் காதுக்கு நிறைய வருகிறது. பெரும்பாலும் காரணம் நியூட்ரல் கலந்து கிடப்பதுதான். ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன ஃபேஸ், அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒரே கட்டையில் முறுக்கி வைத்தால் அது கசிவாகவே கணக்காகும். ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டினாலும் விழும். சரியான வேலை, நியூட்ரலைப் பிரிப்பது. ஆனால் நடப்பது என்ன? இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை அந்தச் சாதனத்தையே ஓரங்கட்டி நேரடியாக வயரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெட்டியில் அது அழகாக உட்கார்ந்திருக்கும், வேலை செய்யாது. அதன் முகப்பில் 'டி' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். டப்பென்று விழுந்து வீடு இருட்டானால் நல்லது. விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், ஒரு மனிதர் தொடும் வரை அது காத்திருக்கும். எர்த் சரியாக இருந்தால், இரும்பு உடம்புள்ள சாதனத்தில் கசிவு ஏற்பட்ட அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே துண்டித்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. மூன்று முள் பிளக்கின் மேலே இருக்கிற தடித்த முள் எர்த்துக்கானது. ஆனால் பல வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. "இந்தப் பிளக்கில் போன் சார்ஜ்தானே போடப் போகிறீர்கள்" என்பார்கள். நாளைக்கு அங்கே அயர்ன் பாக்ஸ் வராது என்று யார் உத்தரவாதம் தருவது? எல்லாப் பிளக்குக்கும், விளக்குப் புள்ளிகளுக்கும், போர் மோட்டாருக்கும், ஹீட்டருக்கும் பச்சை வயர் தொடர்ந்து போய் எர்த் குழியில் முடிய வேண்டும்.

எர்த் குழியை அஸ்திவார வேலை நடக்கும்போதே தோண்டிவிடுவது நல்லது. உப்பும் கரியும் அடுக்கி பைப் இறக்குவது பழைய முறை, முறையாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் வலு குறையும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேலே ஒரு வாயும் மூடியும் விடாமல் டைல்ஸ் போட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு குழி எங்கே என்று வீட்டாருக்கே தெரியாது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் ஜி.ஐ. பைப்பும் நட்டும் சீக்கிரம் அரித்துப்போகும். அங்கே தாமிரம் அல்லது தாமிர முலாம் பூசிய கம்பி போடுவது நல்லது, இணைப்பை வருடம் ஒரு முறை திறந்து பாருங்கள். சுவருக்குள் போகிற ஸ்விட்ச் பெட்டியும் இரும்பாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால் துரு ஏறாது. வேலை முடிந்ததும் எர்த்தின் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கருவி இருக்கிறது. 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது.

ஈரமான இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். குளியலறையில் ஹீட்டருக்கான ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். நம் வீடுகளில் ஒளு செய்வதற்கென்று தனியாகக் குழாய் வைக்கிறோம். அந்த இடம் ஒரு நாளைக்கு ஐந்து வேளையும் நனையும், வெறுங்காலோடு நிற்போம். அதற்குக் கை எட்டும் தூரத்தில் பிளக் எதுவும் வேண்டாம், வாஷிங் மெஷினையும் அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டாம்.

வெளிச்சம்

விளக்கு எத்தனை என்பதைவிட வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று கேளுங்கள். அடுப்படியில் நடுக்கூரையில் ஒரே விளக்கு இருந்தால், மேடையில் நறுக்குகிறவரின் சொந்த நிழலே கத்தியின் மேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில், மேடையைப் பார்த்து ஒரு சிறிய எல்.இ.டி. பட்டை போதும். அதற்கான புள்ளியை இப்போதே விட வேண்டும். முகக்கண்ணாடிக்கு விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை, கண்ணாடிக்கு மேலேயோ பக்கத்திலேயோ வேண்டும். படிக்கும் மேசைக்கு வலக்கைப் பிள்ளையானால் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 2,000 லூமென் தருகிற 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று புழக்கத்துக்குப் போதுமானது. பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காமல் லூமெனையும் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு ஸ்பாட் லைட் வைத்துவிட்டு, மூன்றை மட்டும் போட்டு வாழ்கிற ஹால்கள் நம் ஊரில் நிறைய. ஒரே ஸ்விட்சில் எல்லாவற்றையும் சேர்க்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்தால் அந்த அலங்காரமாவது பயன்படும். நிறம் அவரவர் விருப்பம். 6,500 கெல்வின் என்று எழுதியிருந்தால் பால் வெள்ளை, 3,000 என்றால் மஞ்சள். அடுப்படிக்கும் படிப்புக்கும் வெள்ளை அல்லது நடுத்தரமான 4,000, படுக்கையறைக்கு மஞ்சள் என்பது எங்கள் கருத்து.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இரவு விளக்கை மறக்காதீர்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு சிறிய விளக்குப் புள்ளிகள் இருந்தால், தஹஜ்ஜுதுக்கோ ஸஹருக்கோ எழுகிற பெரியவர் மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்காமல் நடந்து போகலாம், தடுக்கியும் விழமாட்டார்.

ஆளும் கணக்கும்

மின்வாரியத்தில் நிரந்தர இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வயரிங்கைச் சோதித்துத் தருகிற அறிக்கை கேட்பார்கள். பல இடங்களில் வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர், அவர் வீட்டை வந்து பார்ப்பதே இல்லை. உரிமம் உள்ளவரிடமே முதலிலிருந்து வேலையைக் கொடுங்கள். முடியாவிட்டால், கையெழுத்துப் போடுகிறவர் நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்றாவது வற்புறுத்துங்கள். வீட்டின் லோடைக் குறைத்துக் காட்டி விண்ணப்பிக்காதீர்கள். ஏ.சி.யும் ஹீட்டரும் வரப்போகிறது என்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கூலியைப் பாயிண்ட் கணக்கில் பேசுவதுதான் வழக்கம். எது ஒரு பாயிண்ட், டூ-வே ஸ்விட்ச் ஒன்றா இரண்டா, எர்த் குழி இதில் அடங்குமா, மெயின் பெட்டி அடங்குமா என்பதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வருகிற மனக்கசப்பில் பாதி இதனால்தான். மெட்டீரியலை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருந்தபடி கட்டுகிற சகோதரர்கள் ஒன்று செய்ய வேண்டும். கான்கிரீட் போடும் முன் ஒரு முறையும் பூச்சுக்கு முன் ஒரு முறையும், வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பி ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் மேல்தட்டையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பைப்பின் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து எடுக்க வேண்டும், அறையின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் கிடந்தால் போன் மாறும்போது போய்விடும், தனியாகச் சேமியுங்கள். ஐந்து வருடம் கழித்து சுவரில் ஒரு ஆணி அடிக்க, துளை போட, அந்தப் போட்டோதான் வழிகாட்டும். பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் டிரில்லரை இறக்கிப் பிறகு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும் அன்று, எந்த லைன் எங்கே போகிறது என்று வரைந்த ஒரு தாளை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மெயின் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே "அடுப்படி பவர்", "மாடி விளக்கு", "மோட்டார்" என்று தமிழில் எழுதிய சிறிய ஸ்டிக்கர் இருக்கட்டும். வீட்டிலுள்ள எல்லோரையும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி மெயினை எப்படி அணைப்பது என்று ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.